ரோடு சைக்கிளுக்கு டியூப்லெஸ் டயர்: எது உழைக்கும்?

ஞாயிற்றுக்கிழமை காலை சென்னை ஈசிஆரில் ஓட்டிவிட்டு டீக்கடையில் நிற்கும்போது, கொஞ்ச நாளாக ஒரே கேள்விதான் வருகிறது. "அண்ணா, டியூப்லெஸ்ஸுக்கு மாறலாம்னு இருக்கேன். அடிக்கடி பஞ்சர் ஆகாம, சீக்கிரம் தேயாம, நல்லா உழைக்கிற டயர் எது?" கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே மூன்று நான்கு டயர்களைப் பார்த்து வைத்துவிட்டு எதை வாங்குவது என்று தெரியாமல் நிற்பவர்கள். ஒரு ஜோடி நல்ல டயர் பத்தாயிரம் ரூபாயைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறது, அதனால் அந்தத் தயக்கம் நியாயமானதுதான். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்லி டீ ஆறிப்போவதால், முழுசாக எழுதிவிடுகிறேன். டியூப்லெஸ் என்றால் உள்ளே டியூப் இல்லாமல் டயரும் ரிம்முமே காற்றைப் பிடித்துக்கொள்வது, ஓட்டையை அடைக்க உள்ளே சீலண்ட் என்ற திரவம் ஊற்றியிருப்போம்.

நான் ஓட்டுவது ஈசிஆர், ஓஎம்ஆர், செங்கல்பட்டு, திண்டிவனம் பக்கம், அப்புறம் வருஷத்தில் நான்கைந்து பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்). என் எடை 72 கிலோ. கீழே சொல்வதெல்லாம் இந்தச் சாலைகளையும் இந்த வெயிலையும் மனதில் வைத்துச் சொல்வது.

## எதை வைத்து எடை போடுவது

"உழைக்கும் டயர்" என்றால் பலரும் ட்ரெட் (தரையில் உருளும் ரப்பர்) தடிமனைத்தான் பார்க்கிறார்கள். டியூப் போட்ட டயருக்கு அது ஓரளவு சரி. டியூப்லெஸ்ஸில் கணக்கு வேறு. நான் இதுவரை தூக்கிப்போட்ட டியூப்லெஸ் டயர்களில் முழுதாகத் தேய்ந்து போனவை குறைவு, வெட்டுப்பட்டுப் போனவைதான் அதிகம்.

நம் ரோட்டில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். சாலையோரம் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினாலே ஒட்டிக்கொள்ளும் நெருஞ்சி முள். திண்டிவனம் தாண்டினால் எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேலம், அதன் முள் காய்ந்து கிடந்தாலும் ஆணி மாதிரிதான் இறங்கும். நெடுஞ்சாலையில் லாரி டயர் வெடித்துச் சிதறினால் உள்ளே இருக்கும் மெல்லிய இரும்புக் கம்பிகள் முடி முடியாக ஓரத்தில் சேர்ந்துவிடும். அப்புறம் உடைந்த பாட்டில். இவற்றில் முள்ளும் கம்பியும் போடும் ஓட்டை சின்னது, உள்ளே சீலண்ட் ஈரமாக இருந்தால் நீங்கள் இறங்குவதற்குள்ளேயே அடைத்துவிடும். கண்ணாடி அப்படி இல்லை. அது கிழிக்கும். ட்ரெட்டில் மூன்று நான்கு மில்லிமீட்டர் கிழிசல் என்றால் பிளக் (ஓட்டையில் திணிக்கும் ரப்பர் துண்டு) போட்டுச் சமாளிக்கலாம், சைடுவாலில், அதாவது டயரின் பக்கவாட்டில், கிழிந்தால் பெரும்பாலும் டயரின் கதை முடிந்தது.

அதனால் நான் முதலில் பார்ப்பது சைடுவாலுக்குள் ஏதாவது பாதுகாப்புத் துணி ஓடுகிறதா என்பதை. அடுத்து அகலம். அகலமான டயரில் காற்றழுத்தம் குறைவாக வைக்கலாம், குறைந்த அழுத்தத்தில் டயர் கல்லின் மேலும் கண்ணாடியின் மேலும் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், சீலண்டும் பீய்ச்சி அடிக்காமல் ஓட்டையில் தங்கி உறையும். 25 மி.மீ. டயரில் 90 பிஎஸ்ஐ ஏற்றிவிட்டு சீலண்ட் வேலை செய்யவில்லை என்று குறைபட்டுக்கொள்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். மூன்றாவது, ஈரத்தில் பிடிப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டுபவர்களுக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், மழையில் பஞ்சரும் அதிகம், ஏனென்றால் ஈர டயரில் கண்ணாடித்துகள் ஒட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி உள்ளே இறங்கும். வேகத்தைக் கடைசியில்தான் பார்க்கிறேன்.

இன்னொன்று உண்டு. எந்தக் கம்பெனியின் பெட்டியிலும் அச்சடித்திருக்காது.

## வழியில் கையால் கழற்ற வருமா?

போன வருஷம் ஒரு 300 கி.மீ. பிரெவே. மரக்காணம் தாண்டி, உப்பளங்கள் ஓரமாக வந்துகொண்டிருந்தேன், இரவு ஒன்பது மணி இருக்கும். பின்பக்கம் 'உஸ்' என்று சத்தம், கெண்டைக்காலில் ஜில்லென்று ஏதோ தெறிக்கிறது. லைட் அடித்துப் பார்த்தால் சைடுவாலில் நகம் அளவுக்கு ஒரு வாய், சக்கரம் சுற்றச் சுற்ற வெள்ளை வெள்ளையாகச் சீலண்ட் துப்புகிறது. பிளக் போட்டேன், சைடுவால் மெல்லிசாக இருப்பதால் பிடிக்கவில்லை, காற்றடித்ததும் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. சரி, டியூப் போட்டுவிடலாம் என்று டயரைக் கழற்றப் பார்த்தால் பீட், அதாவது ரிம்மைக் கவ்வும் டயரின் ஓரம், ரிம்மை விட்டு அசையவே இல்லை. டயரை நெம்பும் லீவர் ஒன்று உடைந்தது. கட்டை விரல் இரண்டிலும் தோல் போய்விட்டது.

அரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனதில் ஒரு பஞ்சர் கடை, அண்ணன் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். சக்கரத்தை வாங்கித் தரையில் போட்டார். "லீவரைத் தூக்கி ஓரமா வை தம்பி. முதல்ல ரெண்டு பக்கமும் பீட்டைத் தள்ளி நடுப் பள்ளத்துல இறக்கு, அப்பதான் இந்தப் பக்கம் லூஸ் கிடைக்கும்." பைக் டியூப்லெஸ் டயரில் தினமும் செய்கிற வேலை அவருக்கு. ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறதல்லவா, பீட் முழுவதையும் அதற்குள் தள்ளினால் சில மில்லிமீட்டர் தளர்வு கிடைக்கிறது, அது போதும். இரண்டே நிமிடத்தில் கழற்றிவிட்டார்.

நான் உடனே டியூபை எடுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு டயருக்குள் விரலை விட்டுத் தடவினார். "இங்க பாரு." முள் முனை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. காய்ந்த சீலண்ட் ஒவ்வொரு முள்ளையும் சுற்றிப் பரு மாதிரி கட்டியிருந்தது. குறடு வைத்து ஒன்று ஒன்றாகப் பிடுங்கினோம், மொத்தம் ஒன்பது. இத்தனையும் குத்தி, சீலண்ட் அடைத்து, எனக்குத் தெரியாமலே பல நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன. அவற்றை எடுக்காமல் டியூப் போட்டிருந்தால் அடுத்த ஊர் வருவதற்குள் ஒன்பது பஞ்சர்.

அன்று போட்டிருந்த டயர் எது என்பது முக்கியமில்லை, அந்த டயரும் அந்த ரிம்மும் சேர்ந்த சேர்க்கைதான் பிரச்சினை. ரோடு டியூப்லெஸ்ஸில் பீட் இறுக்கமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளே அழுத்திப் பிடிக்க டியூப் கிடையாது, பீட் நீண்டு கொடுத்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். 2006இல் டயர் கம்பெனி ஹட்சின்ஸனும் உதிரிபாகக் கம்பெனி ஷிமானோவும் ரோடு டியூப்லெஸ்ஸைக் கொண்டுவந்த காலத்திலிருந்தே இந்த இறுக்கம் ஒரு தலைவலிதான். இப்போது வரும் டயர்கள் எவ்வளவோ தேவலை. ஆனாலும் நடுவழியில் உங்கள் கையால் கழற்ற முடியாத டயர், மற்ற எல்லாவற்றிலும் நூற்றுக்கு நூறு வாங்கினாலும், பிரெவேக்கு லாயக்கில்லை.

சரி, இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## ரேஸ் வகை: கான்டினென்டல் ஜிபி 5000 எஸ் டிஆர், ஷ்வால்பே ப்ரோ ஒன், பிரெல்லி பி ஸீரோ ரேஸ் டிஎல்ஆர்

எல்லோரும் முதலில் ஆசைப்படுவது இந்த வகைக்குத்தான். எஸ் டிஆர் 2021இல் வந்தது, அதற்கு முந்தைய ஜிபி 5000 டிஎல்லை விட எடை குறைவு, சைடுவால் வலுவானது என்று கம்பெனி சொன்னது, ஹூக்லெஸ் ரிம்முக்கும் (பீட்டைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாதது) ஒத்துவருவதாகச் செய்தார்கள். 28 மி.மீ. டயர் 280 கிராம்தான். ட்ரெட்டுக்கு அடியில் வெக்ட்ரான் என்ற இழைத் துணி ஒன்று ஓடுகிறது. உருளும் சுகம் வேறு எதிலும் வராது, ஈரத்திலும் நல்ல பிடிப்பு.

ஆனால் இந்த வகையில் சைடுவால் மெல்லிசு, மெல்லிசாக இருப்பதால்தான் அந்தச் சுகமே. ட்ரெட் ரப்பரும் மிருது. என் எடைக்குப் பின் டயர் 4,000 கி.மீ. சுற்றி வந்தாலே நடுவில் சப்பையாகிவிடும். ரேஸ் ஓட்டுபவர், அதிகாலையில் சுத்தமான சாலையில் 60, 80 கி.மீ. குழுவாகப் போய்விட்டு வீட்டுக்கு வருபவர், வழியில் எதாவது ஆனால் கூப்பிட ஆள் இருப்பவர், இவர்களுக்கு இது சரி. ஊர்ப்புறச் சாலையில் தனியாக இரவு ஓட்டுபவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

## ஆல் சீசன் வகை: கான்டினென்டல் ஜிபி 5000 ஏஎஸ் டிஆர்

என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டியூப் காலத்தில் கிராண்ட் பிரிக்ஸ் 4 சீசன் என்று ஒரு டயர் இருந்தது, பிரெவே ஓட்டுபவர்கள் பலர் அதைத்தான் நம்பி ஓட்டினார்கள். அந்த வேலையை டியூப்லெஸ்ஸில் செய்ய 2023இல் வந்தது ஏஎஸ் டிஆர். ரேஸ் டயரை விட ட்ரெட் தடிமன், சைடுவாலில் கூடுதல் பாதுகாப்பு. 28, 32, 35 என்று அகலத்தில் கிடைப்பது பெரிய வசதி.

எடை கூடும், உருள்வதில் சில வாட் இழப்பு உண்டு. இந்த வாட் கணக்கை வைத்துக்கொண்டு பலர் மனதைக் குழப்பிக்கொள்கிறார்கள், ஒருமுறை போட்டே பார்த்துவிடலாம். இரண்டு டயருக்கும் சேர்த்து 6 வாட் கூடுதல் செலவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். 200 கி.மீ. தூரத்தை எட்டு மணி நேரத்தில், சுமார் 120 வாட்டில் ஓட்டும் ஒருவருக்கு அதனால் தாமதமாவது பத்து நிமிடம் போல வரும். 200 பிரெவேக்கு 13.5 மணி நேரம் அவகாசம் இருக்கிறது. இருட்டில், நடுங்கும் கையோடு, ஒரே ஒரு முறை நின்று டியூப் போட்டால் அந்தப் பத்து நிமிடமும் அதற்கு மேலும் போய்விடும்.

ட்ரெட்டில் இரண்டு சின்னக் குழிகள் இருக்கும், தேய்மானம் காட்டுபவை, அவை மறைந்தால் மாற்ற வேண்டும். இந்த வகையில் பின் டயர் எனக்கு 6,000 கி.மீ. தாண்டியும் குழி தெரிகிறது. சைக்கிளில் இடம் இருந்தால் யோசிக்காமல் 32 வாங்குங்கள்.

## நடுத்தரம்: விட்டோரியா கோர்ஸா நெக்ஸ்ட்

ரேஸ் டயருக்கும் ஆல் சீசனுக்கும் நடுவில் நிற்பது. பெயரில் கோர்ஸா இருந்தாலும், விட்டோரியாவின் ரேஸ் டயரான கோர்ஸாவின் பருத்தி கேசிங்குக்கு (டயரின் உள் துணி) பதில் இதில் நைலான். பருத்தியின் மிருது இல்லை, பதிலுக்கு ஈரம், வெட்டு இவற்றைத் தாங்கும், விலையும் இறங்குகிறது. வாரம் இரண்டு பயிற்சி, எப்போதாவது ஒரு 200 என்று ஓட்டுபவருக்கு ஒரே டயரில் எல்லாம் வேண்டும் என்றால் இது நல்ல தேர்வு.

## கனமான வகை: பிரெல்லி சின்டுராட்டோ வெலோ டிஎல்ஆர்

2019இல் வந்த டயர். ஆரம்பத்திலிருந்தே வேகத்தை ஒதுக்கிவிட்டு, தாங்குவதற்கென்றே செய்தது. கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும், விறைப்பாக இருக்கும். தினமும் ஆபீஸுக்குச் சைக்கிளில் போகிறவர், ஜிஎஸ்டி ரோட்டின் ஓரத்தைத் தினம் இரண்டு முறை கடக்கிறவர், எடை 85, 90 கிலோவுக்கு மேல் இருப்பவர், பை கட்டி ஊர் ஊராகப் போகிறவர், இவர்களுக்கு இது ஆல் சீசனை விடப் பொருத்தம். விறைப்பான கேசிங் என்பதால் 28இல் சவாரி கொஞ்சம் மொரமொரவென்று இருக்கும், 32 அல்லது 35 என்றால் அது பெரிதாகத் தெரியாது. விறைப்பான டயரைப் புது ரிம்மில் ஏற்றப் பலம் வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

## அகல ஸ்லிக்: பனரேஸர் கிராவல்கிங் ஸ்லிக்

ஜப்பான் டயர். பெயர் கிராவல் (சரளை) என்றாலும் ஸ்லிக், அதாவது வழவழப்பான ட்ரெட், என்பது தார் ரோட்டுக்கும் சேர்த்துத்தான். 32க்கு மேல் இடம் உள்ள சைக்கிள் வைத்திருப்பவருக்கு மட்டும். இது மிருதுவான டயர், வெட்டைத் தாங்குவது அகலமும் குறைந்த காற்றும் சேர்ந்துதான். நல்ல தார் ரோடு பாதி, கிராமத்துச் செம்மண் பாதி என்று ஓட்டினால் இதன் அருமை தெரியும்.

## டியூபே போதுமா?

இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மாதத்துக்கு 200 கி.மீ. ஓட்டுபவர், இரண்டு வாரம் சைக்கிளைத் தொடாமல் நிறுத்தி வைப்பவர், டியூப்லெஸ்ஸுக்கு மாற வேண்டாம். நல்ல டயரில் டியூபே போட்டுக்கொள்ளுங்கள். கான்டினென்டலின் கேட்டர்ஸ்கின் டயரைப் பலரும் கேட்கிறார்கள். கல்லும் முள்ளும் தாங்கும், நீண்ட நாள் உழைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஈரத்தில் அதன் பிடிப்பு குறைவு என்பது ஓட்டுபவர்கள் பரவலாகச் சொல்வது. மழையிலும் ஓட்டுவீர்கள் என்றால் டியூப் வகையிலேயே 4 சீசன் கிடைத்தால் அதை எடுங்கள். டிபியூ என்ற பிளாஸ்டிக் வகை டியூப் எடை ரொம்பக் குறைவு, மாற்று டியூபாகப் பையில் வைக்க அருமையான பொருள், டியூப்லெஸ் ஓட்டினாலும் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

## டயர் விலையோடு செலவு முடியாது

முதல் தடவை ரிம் டேப், வால்வு, சீலண்ட் வாங்க வேண்டும். ரிம் டேப் சரியாக ஒட்டவில்லையென்றால் ஆரைக்கம்பி ஓட்டை வழியாகக் காற்று மெல்ல மெல்லக் கசியும், டயரையும் சீலண்டையும் குறை சொல்லிக்கொண்டிருப்போம். ரிம்மை நன்றாகத் துடைத்து, காயவைத்து, டேப்பை இழுத்துப் பிடித்து ஒட்டுங்கள், அவசரப்பட வேண்டாம்.

பீட் ரிம்மில் உட்கார ஒரேயடியாக நிறையக் காற்று வேண்டும். சாதாரண பம்ப்பில் சிலது உட்காரும், சிலது உட்காராது. பஞ்சர் கடை கம்ப்ரஸர் கை கொடுக்கும், ஆனால் அது கார், பைக் வால்வுக்கானது. பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைக்கும், நம் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கான அடாப்டர் ஒன்றைச் சாவிக்கொத்தில் மாட்டி வையுங்கள். கம்ப்ரஸர் முன்னால் நிற்கும்போது அளவு பார்த்து ஏற்றச் சொல்லுங்கள்.

சீலண்ட்தான் தொடர்ந்து வரும் செலவு. குளிர்நாட்டுப் பாட்டிலில் ஆறு மாதம் வரை தாங்கும் என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில், பால்கனியில் நிற்கும் சைக்கிளில், இரண்டு மாதத்தில் காய்ந்து ரப்பர் தோலாகிவிடுகிறது. நான் 28க்கு 40 மில்லி, 32க்கு 50 மில்லி ஊற்றுகிறேன், ஆறு வாரத்துக்கு ஒரு முறை வால்வின் உள்பகுதியை (கோர்) கழற்றி மெல்லிய குச்சி விட்டுப் பார்க்கிறேன், ஈரம் ஒட்டவில்லையென்றால் சேர்க்கிறேன். காய்ந்த சீலண்டோடு ஓடுகிற டியூப்லெஸ், டியூப் போட்ட டயரை விட மோசம். கார்பன் டை ஆக்சைடு கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: லேடெக்ஸ் சீலண்ட் பலவும் அந்த வாயு பட்டால் திரிந்துவிடும். வழியில் அவசரத்துக்கு அடித்தால் வீட்டுக்கு வந்ததும் உள்ளே பாருங்கள்.

பையில்: பிளக், டியூப் ஒன்று, பம்ப், முள் பிடுங்கச் சின்னக் குறடு, பழைய டயரிலிருந்து வெட்டிய இரண்டங்குலத் துண்டு ஒன்று. அந்தத் துண்டைக் கிழிசலுக்கு உள்பக்கம் வைத்து டியூப் போட்டால் வீடு வந்து சேரலாம். நான் அன்று மரக்காணத்திலிருந்து திரும்பி வந்தது அப்படித்தான்.

## ஆர்டர் போடும் முன்

உங்கள் ரிம் ஹூக் உள்ளதா, ஹூக்லெஸ்ஸா என்று பாருங்கள். ஹூக்லெஸ் என்றால் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றக்கூடாது, டயர் அகலமும் ரிம் கம்பெனி சொல்லும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக்கூடாது. 2024 பிப்ரவரியில் யுஏஇ டூர் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி கென்ட் விழுந்தபோது டயர் ரிம்மை விட்டுக் கழன்று தொங்கியதைப் பார்த்தவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 80 கிலோவுக்கு மேல் இருப்பவர் ஹூக்லெஸ் ரிம்மில் 28 போடுவதை விட 32 போடுவதே நல்லது.

ஃப்ரேமிலும் ஃபோர்க்கிலும் இடம் அளந்து பாருங்கள், பின்பக்கம் டயரின் இரு புறமும் நான்கு மில்லிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். ரிம் அகலமாக இருந்தால் 28 என்று எழுதிய டயர் காற்றடித்ததும் 30 ஆகி நிற்கும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பணம் ஒரு ஜோடிக்கு இல்லையென்றால் பின்னால் ஆல் சீசன், முன்னால் இப்போது இருக்கிற நல்ல டயர் என்று தொடங்கலாம். தேய்வதும் குத்துவதும் பின்னால்தான் அதிகம். ஆனால் பின்னால் தேய்ந்த டயரை முன்னால் மாற்றிப் போட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம், வளைவில் முன் சக்கரத்தின் பிடிப்புதான் மிக முக்கியம்.

டயர் வந்ததும் பிரெவேக்கு முந்தின இரவு மாட்டாதீர்கள். இரண்டு வாரம் முன்னால், ஒரு சனிக்கிழமை மத்தியானம், சீலண்ட் ஊற்றாமல் வெறுமனே மாட்டுங்கள், பீட் இரண்டு பக்கமும் 'டப் டப்' என்று உட்காரும் வரை காற்றடியுங்கள். அப்புறம் காற்றை முழுதாக இறக்கி, லீவர் இல்லாமல், பீட்டைத் தள்ளி நடுப் பள்ளத்தில் இறக்கி, கட்டை விரலால் கழற்றிப் பாருங்கள். கழன்று வந்தால் சீலண்ட் ஊற்றி மறுபடி மாட்டுங்கள். வரவில்லையென்றால், கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளும் நாள் முடிவதற்குள் வேறு டயருக்கு மாற்றிவிடுங்கள்.